கை படாத காசு

இருவாய்ச்சிப் பறவையின் அலகுக்குக் கீழே, கண்ணாடிபோல் வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில், யாரோ வாயருகே வைத்து ஊதியதுபோல் ஒரு மங்கல் படிந்திருந்தது.

துளசி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஈப்போ நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் துடைப்பதுதான் அவள் வேலை. எந்த மங்கல் தூசி, எந்த மங்கல் எண்ணெய், எது துடைத்தால் போகும், எது போகாது என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரியும். கடையிலிருந்து கொண்டுவந்த மெல்லிய துணியால் நாணயத்தை மூடியிருந்த வட்டமான பிளாஸ்டிக் கூட்டைத் துடைத்தாள். மங்கல் போகவில்லை. திருப்பிப் பிடித்து இன்னொரு முறை துடைத்தாள். கூட்டின் வெளிப்பக்கம் சுத்தமாக இருந்தது. உள்பக்கமும் சுத்தமாக இருந்தது.

மங்கல் வெள்ளியின் மேலேயே இருந்தது.

அந்தக் கூட்டை அவள் திறந்ததே இல்லை. புரூஃப் நாணயம் செலவுக்காக அடிப்பதல்ல. அச்சைப் பளபளவென்று தேய்த்து, வெள்ளித் தகட்டை ஒருமுறைக்கு மேல் அழுத்தி, பறவையை மாவு பூசியதுபோல் வெளுப்பாகவும் அதைச் சுற்றிய வெளியை முகம் பார்க்கும் கண்ணாடியாகவும் எடுப்பார்கள். வெறுங்கை அதைத் தொடக் கூடாது. விரலின் உப்பும் எண்ணெயும் வெள்ளியைத் தின்றுவிடும். தொட்ட அன்று ஒன்றும் தெரியாது. நாள் போகப் போக ரேகை மெல்ல எழுந்து வரும். வந்தபின் போகாது.

அலமாரியில் அவளிடம் இந்த நாட்டுக் காசின் கதையே இருந்தது. ராஜா தலை போட்ட மலாயாக் காசுகள், ஜப்பான்காரன் அடித்துவிட்டுப்போன வாழைமர நோட்டுகள், மலாயாவுக்கும் போர்னியோவுக்கும் பொதுவாக ஓடிய தாள்கள், அறுபத்தேழில் வந்த முதல் ரிங்கிட். யுத்தம் முடிந்த கொஞ்ச காலத்தில் காசிலிருந்து வெள்ளி போய்விட்டது, ஆனால் பேச்சிலிருந்து போகவில்லை. ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தில் இன்றும் பத்து ரிங்கிட்டைத் தமிழர்கள் பத்து வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். எழுபத்தாறில் வெளிவந்த இந்த இருவாய்ச்சி அவளிடமிருந்தவற்றில் மிக அழகானது.

அக்கா மங்களத்துக்கு இதெல்லாம் வேடிக்கை.

"செலவு பண்ண முடியாத காசு எதுக்குடி? காசுன்னா கை மாறணும்லா."

"இதுவும் செல்லும்க்கா. இருபத்தஞ்சு வெள்ளின்னு போட்டிருக்கு பாரு."

"அப்ப மீன்கடை தவுக்கேகிட்ட நீட்டு. கெம்போங் மீன் தாரானா பாப்போம்."

சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். மங்களம் ரப்பர்க் கையுறைத் தொழிற்சாலையில், கையுறைக்குள் காற்றை ஏற்றி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் இருந்தாள். அங்கிருந்து கையுறைகளைக் கொண்டுவந்து தங்கையின் அலமாரியில் வைப்பாள். "உன் மகாராசா காசுக்கு." கணவன் விட்டுப்போன பிறகு துளசியைத் தாங்கியதும், அவள் குழந்தை ஷாமினியை இடுப்பில் வைத்து வளர்த்ததும் அக்காதான். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அப்படியிருந்தவள் போன மாதம் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

புந்தோங்கில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் அவளைக் கிடத்தியபோது, காரியம் செய்துவைக்க வந்தவர் நெற்றிக்காசு கேட்டார். கூடம் நிறைய ஆட்கள். ஒருவர் பையிலும் சில்லறை இல்லை. எல்லோரும் கைபேசியைக் காட்டிக் காசு கட்டுகிறவர்கள்.

"சில்றையே யாரும் வச்சிக்கறதில்லலா இப்ப," என்று யாரோ அழுகைக்கு நடுவே சொன்னார்கள்.

துளசி அலமாரியைத் திறந்தாள். ராஜா தலைகளில் ஒன்றை எடுத்திருக்கலாம். ஆனால் அக்காவுக்கு இருப்பதிலேயே நல்லதைக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது, இருவாய்ச்சியை எடுத்தாள். கூட்டைத் திறக்கப் போனாள். கை வரவில்லை. சந்தனம் ஈரம். ஈரம் வெள்ளிக்கு ஆகாது. அந்த நேரத்தில் அது அவளுக்குச் சரியாகத்தான் பட்டது. கூட்டின் அடியில் சந்தனத்தைத் தடவி, பிளாஸ்டிக்கோடு சேர்த்து அக்காவின் நெற்றியில் அழுத்தி வைத்தாள். பிறகு வெள்ளைத் துணியைக் கிழித்து, கைக் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். விரல்கள் விலகி விலகிப் போயின. அதனால் இரண்டு சுற்று சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள்.

மின்சுடலையில் வேலை பார்க்கும் அர்ச்சுனன் கடைசி நேரத்தில் நெற்றியைப் பார்த்துத் திடுக்கிட்டார். "அக்கா, பிளாஸ்டிக்கெல்லாம் உள்ள போவக்கூடாதுக்கா." எடுத்து அவள் கையில் கொடுத்தார். துளசி சேலைத் தலைப்பால் சந்தனத்தைத் துடைத்து, கூட்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். கீறல் இல்லை. அவள் நிமிர்ந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து நாணயத்தைப் பழைய இடத்திலேயே, நீல வெல்வெட் குழியில் வைத்தாள்.

அதே குழியில்தான் இப்போது மங்கல்.

அடுத்த முறை பார்த்தபோது அது மங்கல் இல்லை. கோடுகள் எழுந்திருந்தன, வளைந்து வளைந்து, நடுவில் சுழித்து, ஒரு விரல். கடையிலிருந்து உருப்பெருக்கியைக் கொண்டுவந்து சன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோது அதற்குப் பக்கத்தில் இன்னொரு விரலும் தெரியத் தொடங்கியிருந்தது. படம் எடுத்து துரைசிங்கத்துக்கு அனுப்பினாள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நாணயக் கடை போடுகிறவர். இருவாய்ச்சியை அவளுக்கு விற்றதும் அவர்தான். உடனே கூப்பிட்டார்.

"என்ன பிள்ளை, வெறுங்கையால தூக்கிட்டீரோ?"

"இல்ல அங்கிள். கூட்ட நான் தொறந்ததே இல்ல."

"என்ர கையில இருக்கும்போது இது இல்லை. நான் கண்ணாடி வச்சுப் பாத்துத்தான் தந்தனான்." படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்ப்பதாகச் சொன்னார். "ஒண்டு சொல்லுறன், பயப்பிடாதேயும். காசை எவரும் பெருவிரலும் சுட்டுவிரலுமாத்தானே பிடிப்பினம். இது ரெண்டும் பெருவிரல். ஒட்டிக்கொண்டு கிடக்கு. இப்பிடி ஆர் பிடிப்பினம்?"

துளசி கைபேசியை வைத்துவிட்டுத் தன் கட்டைவிரல்களைப் பார்த்தாள். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டவைத்தாள். மீண்டும் உருப்பெருக்கியை எடுத்தாள். வலது ரேகைக்குக் குறுக்கே, சுழியை இரண்டாக வெட்டிக்கொண்டு, ஒரு வெறுங்கோடு போனது.

சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் அவர்கள் பிறந்த ரப்பர்த் தோட்டத்தில், அம்மாவுக்கு உதவப் போன மங்களத்தின் வலது கட்டைவிரலைப் பால்வெட்டும் கத்தி அப்படித்தான் குறுக்கே கிழித்திருந்தது. துளசி சிறுமியாக இருந்தபோது அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டேதான் தூங்குவாள்.

அன்றிலிருந்து அலமாரியைத் திறக்க அவளுக்குப் பயமாக இருந்தது. திறக்காமலும் இருக்க முடியவில்லை. திறந்த ஒவ்வொரு முறையும் ரேகைகள் கூடியிருந்தன. பறவையின் மேல், எழுத்துகளின் மேல், விளிம்பைச் சுற்றி. எங்கும் இரண்டிரண்டாக, ஒட்டியபடி. சில தெளிவாக, சில வழுக்கி இழுபட்டு. மேசையில் தட்டையாகக் கிடக்கும் காசை, விரல்களைப் பிரிக்க முடியாத ஒருவர் எடுக்கப் பார்த்து, நழுவ விட்டு, மீண்டும் எடுக்கப் பார்த்ததுபோல். அலமாரிக்குள் வெல்வெட்டின் வாசனை போய், சந்தனமும் அதற்கடியில் புளித்த ரப்பர்ப் பாலின் வாடையும் வந்திருந்தன.

ஒரு காலையில் ஷாமினி மைலோ குடித்துக்கொண்டிருந்தாள். கோப்பையை இரண்டு கட்டைவிரல்களையும் ஒட்டவைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே இடுக்கிப் பிடித்திருந்தாள். மைலோ மோவாயில் வழிந்தது.

"ஏண்டா செல்லம் அப்படிப் பிடிக்கிற?"

"பெரியம்மா இப்படித்தான் பிடிக்கிறாங்க."

"எப்ப?"

குழந்தை அலமாரியைப் பார்த்தாள். "இப்ப."

அன்று மாலையே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள், கிருமிக் காய்ச்சல், போய்விடும் என்றார்கள். போகவில்லை. துளசி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கட்டிலருகிலேயே இருந்தாள். உலகத்தில் அவளுக்கு மிச்சமிருந்தது அந்தக் கட்டிலில் கிடந்த ஒரே உயிர்தான். ஈரத்துணி போட நெற்றியில் கை வைத்தபோது உள்ளங்கை சுட்டது. நடுவில் மட்டும் சுடவில்லை. அங்கே வட்டமாக ஓர் இடம், அலமாரிக் காசைப்போலக் குளிர்ந்து கிடந்தது. விரலால் அதன் ஓரத்தைச் சுற்றிவந்தாள். இருவாய்ச்சியின் அளவு.

அவள் அர்ச்சுனனைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் சிரிக்கவில்லை.

"அக்கா, அது அவங்க காசு. அவங்க நெத்திலயே படல. பிளாஸ்டிக்குதான பட்டுச்சு. வெறுங்கையோட போயிருக்காங்க."

"இப்ப என்ன பண்ணணும் அண்ணே? சொல்லுங்க. எது வேணாலும் பண்றேன்."

"சாம்பல எங்க கரைச்சீங்க?"

"எங்க தோட்டத்து ஆத்துல. அங்கதான் வேணும்னு அக்கா எப்பவும் சொல்லும்."

"அங்கயே போடுங்க. கூட்ட ஒடச்சிட்டு, உங்க வெறுங்கையால எடுத்துக் குடுங்க. வெளிச்சம் இருக்கறப்பவே போயிட்டு வந்துருங்க."

மறுநாள் மதியம் பக்கத்து வீட்டு தினேஸ்வரியைக் குழந்தையருகே உட்காரவைத்துவிட்டு துளசி காரை எடுத்தாள். செம்மோர் தாண்டியதும் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தோட்டம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. தொழிலாளர் லயங்களை இடித்த தரையில் சிமெண்டுத் துண்டுகளும், முனியாண்டி கோயில் மேடையும், அதன்மேல் துருப்பிடித்த சூலமும் மட்டும். செம்மண் பாதையில் காரை நிறுத்திவிட்டு ஆற்றுக்கு நடந்தாள். சுற்றிலும் ஒரு ரப்பர் மரம்கூட இல்லை. இருந்தும் புளித்த பாலின் வாடை அவளோடு கரைவரை வந்தது.

கூட்டை நகத்தால் நெம்பினாள். நெடுநாள் அடைபட்டிருந்த பெட்டி திறப்பதுபோல் ஒரு சிறு சத்தம். சந்தன வாசனை முகத்தில் அடித்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு புரூஃப் நாணயத்தை வெறுங்கையால் தொட்டாள். அது குளிர்ந்திருக்கும் என்று நினைத்திருந்தாள். உடம்புச் சூட்டில் இருந்தது.

"அக்கா," என்றாள். "உன் காசுக்கா. எடுத்துக்க. என்னை மன்னிச்சிரு. புள்ளைய விட்டுரு."

வீசினாள். கலங்கிய தண்ணீர் அதை வாங்கிக்கொண்டது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. ஆறு ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதன் சத்தமும் கொஞ்ச நேரத்துக்குக் கேட்கவில்லை.

காருக்குத் திரும்புவதற்குள் கைபேசி அடித்தது. தினேஸ்வரி.

"துளசி, காய்ச்சல் விட்டுருச்சுலா! சில்லுன்னு ஆயிட்டா. எந்திரிச்சு உக்காந்து கஞ்சி கேக்கறா உன் மக."

துளசி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாள். அவள் கிளம்பும்போது மழை பிடித்தது. வழியெல்லாம் மழை, முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்குகள், துடைப்பானின் தேய்ந்த ரப்பர் கண்ணாடியில் இழுக்கும் சத்தம். அத்தனைக்கும் நடுவே அவள் மனத்தில் ஒரு மாதமாக இல்லாத அமைதி. புந்தோங்குக்குள் நுழைந்தபோது மழை விட்டிருந்தது. மின்சாரம் போயிருந்தது. அந்தி வெளிச்சத்தில் வீடுகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் நின்றன.

தினேஸ்வரி தன் வீட்டு வாசலில் துணிக்கூடையோடு நின்றாள். "நல்லா தூங்கறா. துணி நனைஞ்சிருச்சேன்னு இப்பதான் ஓடியாந்தேன். ஒரு நிமிசம்கூட ஆவல. நீ போ, நான் தேத்தண்ணி போட்டு எடுத்துட்டு வாரேன்."

துளசி வாசற்கதவருகே செருப்பைக் கழற்றும்போது கைபேசி அதிர்ந்தது. அர்ச்சுனனின் குரல் பதிவு. நன்றி சொல்ல அவளே அவரைக் கூப்பிட நினைத்திருந்தாள். காதில் வைத்தாள்.

"அக்கா, ஒன்னு கேக்க மறந்துட்டேன். அன்னைக்கி கைக்கட்டு, கால்கட்டு நீங்கதான அவுத்தீங்க? நான் காச எடுத்து உங்ககிட்ட குடுத்துட்டு, கட்ட அவுத்துருங்கக்கான்னு சொன்னேன். நீங்க பக்கத்துலயே நின்னுட்டு இருந்தீங்க. அதான் அவுத்துட்டீங்கன்னு நெனச்சுப் பெட்டிய மூடச் சொல்லிட்டேன். அவுத்தீங்கதான? அவுக்காம வுட்டா..."

மிச்சத்தை அவள் கேட்கவில்லை.

கூட்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது நினைவுக்கு வந்தது. கீறல் இல்லை. யாரோ என்னவோ சொன்னார்கள். கீறல் இல்லை. நிமிர்ந்தபோது பெட்டி மூடியிருந்தது.

காசு போய்ச் சேர்ந்துவிட்டது. கட்டு அப்படியே இருக்கிறது. காசை வைத்துக்கொள்ள, எரிந்துபோன அக்காவுக்கு நெற்றிதான் இல்லை.

கதவு திறந்து கிடந்தது.

கூடத்துத் தரையில் ஈரம். முதலில் மழைத் தண்ணீர் என்று நினைத்தாள். கைபேசி விளக்கைப் போட்டாள். ஈரம் செம்மண் நிறத்தில் இருந்தது. கால் தடம். இடது கால் ஒன்று, வலது கால் ஒன்று என்று மாறி மாறி அல்ல. இரண்டும் சேர்ந்து. பெருவிரலும் பெருவிரலும் ஒட்டி. ஓர் இடத்தில் இரண்டும். கொஞ்சம் தள்ளி இரண்டும். இன்னும் கொஞ்சம் தள்ளி இரண்டும்.

அலமாரியைத் தாண்டி. சாப்பாட்டு மேசையைத் தாண்டி.

அறைக்குள்.

திரும்பி வந்த தடம் இல்லை.

"ஷாமினி?"

புளித்த பால் வாடை. ஆற்றுச் சேறு. சந்தனம்.

குழந்தை மல்லாந்து படுத்திருந்தாள். அவள் அப்படிப் படுக்கவே மாட்டாள். எப்போதும் ஒருக்களித்து, முழங்காலை வயிற்றுக்கு இழுத்துக்கொண்டுதான். இப்போது நேராக இருந்தாள். தலை தெற்கே, கூடத்தில் அக்காவைக் கிடத்தியிருந்ததுபோல். நெற்றியில் புதிதாக அரைத்த சந்தனம், அதன்மேல் இருவாய்ச்சி. கூடு இல்லாமல். ஒரு ரேகைகூட இல்லாமல். அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல்.

துளசி பாய்ந்து காசைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. நகத்தால் நெம்பினாள். விரல் வழுக்கியது. மீண்டும் வழுக்கியது. விளிம்பு கைக்கு அகப்படவே இல்லை.

குழந்தை கண்ணைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில், இன்னொன்றையும் பார்த்தாள். பயப்படவில்லை. முகம் மட்டும் வலியில் சுளித்தது.

"அம்மா. பெரியம்மாகிட்ட சொல்லுங்கம்மா."

"என்னடா? என்ன சொல்லணும்?"

"ரொம்ப இறுக்கிக் கட்டுறாங்க."

மார்பின் மேல் குழந்தையின் கைகள் சேர்ந்திருந்தன. கட்டைவிரல்கள் இரண்டும் ஒட்டியிருந்தன. அவற்றைச் சுற்றித் தோலில் ஒரு பள்ளம் விழுந்தது. துணி இல்லை. கயிறு இல்லை. ஒரு சுற்று. துளசி இரண்டு கையாலும் அந்தப் பிஞ்சு விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். இன்னொரு சுற்று. பிறகு ஓர் இழுப்பு. அந்த இழுப்பை அவளுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்த, அவளுடைய இறுக்கம்.

விரல் நுனிகள் வெளுத்தன.

கட்டிலின் கால்மாட்டில் போர்வை லேசாக அசைந்தது. அதற்குக் கீழே, இரண்டு சின்னப் பாதங்களும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பின.